7200 விநாடிக்கு ஒருமுறை அறுந்த நெட்

7:04:10, 9:04:44, 11:05:18, 1:05:52, 3:06:26.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு நெட் அறுந்த நேரங்கள் இவை. இந்த ஐந்து எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கும்வரை, ஏழு வாரம் தவறான இடத்தில்தான் தேடிக்கொண்டிருந்தேன். எழுதிய பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நாள்கூட ஆகவில்லை. இதே தொல்லையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த ஏழு வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வீட்டு அமைப்பு. ஃபைபர் இணைப்பு. சுவர் வழியாக வரும் கண்ணாடி இழை ஓஎன்டி என்ற சின்னப் பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து ஓர் ஈதர்நெட் கேபிள் ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு (வெளி இணைப்புக்கான துளைக்கு) போகிறது. நெட் நிறுவனம் இணைப்போடு ஒரு ரவுட்டரும் கொடுத்திருந்தது. அலுவலக வேலைக்கு எனக்கு போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அடைய வழிவிடுவது) வேண்டும், டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்ற வேண்டும். அந்த ரவுட்டரில் இரண்டும் பூட்டப்பட்டிருந்தன. அதனால் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, சொந்தமாக வாங்கிய ரவுட்டரை மாட்டினேன். மாட்டிய உடனே நெட் வந்தது, வேகமும் முழுதாக இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தொல்லை அந்த வாரமே தொடங்கியிருக்கிறது, ஆனால் எங்கள் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுவது முக்கால் நிமிடம்தான். வீடியோ பார்ப்பவருக்கு அது தெரியாது, முன்கூட்டியே இறங்கிய பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். குறுஞ்செய்தி சற்றுத் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். மாட்டிக்கொள்வது வீடியோ அழைப்பில் இருப்பவரும் விபிஎன் (அலுவலக வலைக்குள் போகும் பாதுகாப்பான வழி) மூலம் வேலை செய்பவரும். மகளுக்கு வகுப்பு, எனக்கு அலுவலகக் கூட்டம். "அப்பா, மறுபடியும் போச்சு" என்று அவள் அறையிலிருந்து குரல் வரும். நான் எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் திரும்ப வந்திருக்கும். வைஃபை அடையாளம் திரையில் முழுதாக நின்றுகொண்டிருக்கும். ஃபோனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் எந்தச் சிக்கலும் இல்லை, அறுவது அதற்கு அப்பால் என்பதற்கு அதுவே அடையாளம். அதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

வழக்கமான சந்தேகங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை 6-இலிருந்து 11-க்கு மாற்றினேன். ரவுட்டரைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தினேன். அடாப்டரை மாற்றினேன், டிஎன்எஸ் முகவரியை மாற்றினேன். எதிலும் பலன் இல்லை. இவற்றில் ஒன்று மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் அதுதான் என்னை நீண்ட நாள் திசைதிருப்பியது.

ரவுட்டரின் லாகை (நிகழ்வுப் பதிவை) திறந்தால், ஒவ்வொரு முறை அறும்போதும் 'வான் லிங்க் டவுன்' என்று ஒரு வரி இருந்தது. சில விநாடி கழித்து 'வான் லிங்க் அப்'. இதைப் பார்த்தால் யாருக்குமே கேபிள்மேல்தான் சந்தேகம் வரும். ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த கேபிளை இரண்டு முறை மாற்றினேன். மின்சாரம் சேமிக்க ஈதர்நெட் போர்ட்டைத் தூங்கவைக்கும் வசதி ஒன்று உண்டு, 802.3ஏஇசட் என்று 2010-இல் வந்த தரம். சில சாதனங்களில் அதனால் லிங்க் விழுந்து எழும் என்று தெரியும் என்பதால் அதையும் அணைத்துப் பார்த்தேன். அதே வரி, அதே முக்கால் நிமிடம்.

நெட் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். வந்த தொழில்நுட்பப் பணியாளர் பொறுமையானவர். இழையைக் கழற்றி மீட்டரில் வைத்தார், ஒளியின் அளவு மைனஸ் 19 டிபிஎம் காட்டியது. இந்த வகை இணைப்பில் மைனஸ் 27 வரைக்கும் தாங்கும், ஆகவே இது நல்ல அளவு. வேகச் சோதனை ஓட்டினார், அதுவும் சரி. இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்தார், நெட் ஒரு முறைகூட அறவில்லை. "சார், எங்க சைடுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. எங்க ரவுட்டரைப் போட்டுப் பாருங்க" என்றார். அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டேன். மூன்று நாள் ஒரு முறைகூட அறவில்லை. சரி, என் ரவுட்டர்தான் கெட்டிருக்கிறது என்று அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் மாற்று ரவுட்டர் அனுப்பினார்கள். புதியதிலும் அதே கதை. மறுபடி கேட்டபோது, "எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு வாரம் ஓடவிட்டும் இப்படி நேரவில்லை, உங்கள் இணைப்பில்தான் கோளாறு இருக்க வேண்டும்" என்றார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்த அளவில் அவரவர் சொன்னது உண்மை. அது எப்படி என்பதுதான் இந்தப் பதிவின் முக்கால் பங்கு.

ஊகிப்பதை நிறுத்திவிட்டு எழுதி வைக்கத் தொடங்கினேன். பழைய மடிக்கணினி ஒன்றை வைஃபையில் அல்லாமல் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, அதில் மூன்று பிங்குகளை (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் செய்திகளை) விநாடிக்கு ஒன்று வீதம் ஓடவிட்டேன். ஒன்று ரவுட்டருக்கே. இரண்டாவது, ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் 'கேட்வே' என்று காட்டும் நெட் நிறுவனத்தின் முதல் முகவரிக்கு. மூன்றாவது, வெளியே கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு. ஒவ்வொரு வரியிலும் நேரம் பதியும்படி வைத்தேன். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பயன். முதலாவதே நின்றால் வீட்டுக்குள் கோளாறு. முதலாவது ஓடி மற்ற இரண்டும் நின்றால் ரவுட்டருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில். மூன்றாவது மட்டும் நின்றால் நிறுவனத்துக்கும் அப்பால். எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே விநாடியில் நின்றன.

அந்தச் சனிக்கிழமை மாலை லாகிலிருந்து நேரங்களைத் தாளில் எழுதினேன். மேலே கொடுத்திருக்கும் ஐந்து எண்கள். முதலில் கண்ணில் பட்டது இரண்டு மணி நேர இடைவெளி. கேபிளோ இழையோ தளர்ந்திருந்தால் கடிகாரம் பார்த்து அறாது. சூட்டினால் என்றால் மதியத்தில் கூடி இரவில் குறைய வேண்டும். நேரம் தவறாமல் வருவதற்குப் பின்னால் எங்கோ ஒரு டைமர் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம்தான் விநாடிகளைப் பார்த்தேன். 10, 44, 18, 52, 26. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமும் 34 விநாடியும். ஐந்தும் அப்படியே. அந்த 34 விநாடி எனக்கு ஒரு பெரிய சேதி சொன்னது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணிக்கு ஒருமுறை யாரோ இணைப்பை வெட்டுகிறார்கள் என்றால் நேரம் நகராது. இங்கே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. அதாவது அறுந்து, திரும்பக் கிடைத்த நொடியிலிருந்து மறுபடி இரண்டு மணி நேரம் எண்ணப்படுகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருந்தது. ஞாயிறு காலை 9:30-க்கு ரவுட்டரை அணைத்துப் போட்டேன். அது முழுதாக எழுந்து ஐபி முகவரி (இணையத்தில் அதற்கான எண்) வாங்கியது 9:31:40-க்கு. அப்படியானால் 11:31:40-க்கு அற வேண்டும். பதினொன்றரைக்கு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். பிங் வரிகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. 38, 39, 40. மூன்றில் இரண்டு நின்றன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏழு வாரமாக எப்போது வரும் என்று தெரியாமல் எங்களை வதைத்த ஒன்றை இத்தனை மணிக்கு வா என்று சொல்லி வரவழைத்தோம், அந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் என்றால் 7200 விநாடி. இந்த எண்ணோடு தொடர்புள்ள ஒன்று ரவுட்டரின் நிலைப்பக்கத்திலேயே இருந்தது. 'லீஸ் நேரம்: 7200'.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் ரவுட்டருக்கு நெட் நிறுவனம் கொடுக்கும் ஐபி முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குத்தான் (லீஸ்) கிடைக்கிறது. கொடுப்பது டிஹெச்சிபி என்ற முறை. ரவுட்டர் எழுந்ததும், "யாராவது இருக்கிறீர்களா, எனக்கு முகவரி வேண்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. இது பிராட்காஸ்ட். சர்வர் ஒரு முகவரியைக் காட்டி, இத்தனை விநாடிக்கு வைத்துக்கொள் என்கிறது. குத்தகை முடியும் முன் ரவுட்டர் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எப்போது, எப்படி என்பதை 1997-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணம் சொல்கிறது. சர்வர் வேறு நேரம் குறிப்பிடாவிட்டால், பாதி நேரம் கடந்ததும் முதல் முயற்சி. எனக்கு அது 3600-ஆவது விநாடி. இந்த முறை கூவ வேண்டியதில்லை. முகவரி கொடுத்த சர்வர் எது என்று தெரியும், ஆகவே அதற்கு மட்டும் நேராக ஒரு கடிதம் போடலாம். இது யூனிகாஸ்ட். பதில் வரவில்லை என்றால் இடைவெளி விட்டுத் திரும்ப முயலும். எட்டில் ஏழு பங்கு நேரம், அதாவது 6300-ஆவது விநாடி வரைக்கும் பதில் இல்லை என்றால், அந்தச் சர்வரை நம்பிப் பயனில்லை என்று மறுபடி எல்லோருக்கும் கூவ வேண்டும். அதற்கும் பதில் இல்லாமல் 7200 வந்துவிட்டால் முகவரியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தால் ஒரு குத்தகை அதன் கடைசி விநாடியை எட்டவே கூடாது. என் வீட்டில் ஒவ்வொரு குத்தகையும் எட்டியது. ஏன் என்று தெரிய, கம்பியில் என்ன போகிறது என்று நேரில் பார்த்தாக வேண்டும்.

என் ரவுட்டரின் ஃபர்ம்வேரில் (உள்ளே ஓடும் மென்பொருளில்) அதற்கு வழி இல்லை. ஐந்து போர்ட் உள்ள, மிரர் வசதி கொண்ட சிறிய ஸ்விட்ச் ஒன்றை அலுவலக நண்பரிடம் கடன் வாங்கினேன். அதை ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைத்தேன். ரவுட்டர் செருகிய போர்ட்டில் போவதும் வருவதும் எல்லாவற்றையும் மூன்றாவது போர்ட்டுக்கு நகலெடுக்கச் சொல்லி, அங்கே மடிக்கணினியைச் செருகினேன். அதில் வயர்ஷார்க், கம்பியில் போவதைப் படித்துக் காட்டும் மென்பொருள். யூடிபி போர்ட் 67, 68 இரண்டை மட்டும் காட்டும்படி வடிகட்டினால் டிஹெச்சிபி உரையாடல் தவிர மற்றது எதுவும் திரையில் வராது. பிறகு இரண்டு மணி நேரம் காத்திருப்பதுதான் வேலை.

முதல் நான்கு வரிகள் உடனே வந்தன: கேள்வி, காட்டல், கோரிக்கை, ஒப்புதல். ஒப்புதலைத் திறந்து பார்த்தேன். குத்தகை 7200 விநாடி. சர்வரின் முகவரி என்ற இடத்தில் 10 என்று தொடங்கும் ஓர் எண், நிறுவனத்தின் உள்வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் வகை.

சரியாக 3600-ஆவது விநாடியில் அடுத்த வரி. என் ரவுட்டர் அந்த 10 முகவரிக்கு நேராகப் புதுப்பிப்புக் கோரிக்கை அனுப்பியது. பதில் இல்லை. மறுபடி ஒன்று, பதில் இல்லை. இடைவெளி விட்டு விட்டு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, எல்லாம் அதே முகவரிக்கு, எதற்கும் மறுமொழி இல்லை. ஆக, நிறுவனத்தின் சர்வர்தான் பேச மறுக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிட்டேன். 6300 வந்தது. இப்போது என் ரவுட்டர் கூவ வேண்டும். பெறுநர் இடத்தில் 255.255.255.255 வர வேண்டும். வந்த வரியில் அதே 10 முகவரிதான் இருந்தது. அடுத்ததிலும் அதுவே. 7200 வரை ஒருமுறைகூடக் கூவவில்லை.

7200-இல் குத்தகை முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்விட்சில் ரவுட்டரின் போர்ட் விளக்கு அணைந்தது. இந்த வரிசையை முன்பே பார்த்திருந்தால் கேபிளைத் தொட்டிருக்கவே மாட்டேன். கேபிள் அறவில்லை. குத்தகை போனதும் ரவுட்டர் தானே வான் போர்ட்டை அணைத்துப் போட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. லாகில் 'லிங்க் டவுன்' என்று எழுதியது அதைத்தான். போர்ட் எழுந்து, கூவி, புதுக் குத்தகை கையில் வர 34 விநாடி. தாளில் இருந்த 34-க்கு அப்போதுதான் விடை கிடைத்தது. அதன் பிறகு ஃபயர்வாலும் மற்றவையும் எழ இன்னும் ஒரு பன்னிரண்டு விநாடி. பெரும்பாலும் பழைய முகவரியேதான் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் ரவுட்டர் தன் இணைப்புப் பட்டியலை அழித்துவிடுவதால், ஓடிக்கொண்டிருந்த அழைப்பும் விபிஎன்னும் செத்துவிடும்.

இங்கே நிறுத்தியிருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும். நிறுவனம் கொடுத்த ரவுட்டரை மாட்டியபோது மூன்று நாள் அறவில்லையே, அது எப்படி? அதற்கு மட்டும் சர்வர் பதில் சொல்கிறதா? அதே ஸ்விட்சில் அந்த ரவுட்டரைச் செருகி இன்னொரு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

3600-இல் அதுவும் நேர்க் கோரிக்கை அனுப்பியது. அதற்கும் பதில் இல்லை! திரும்பவும் அனுப்பியது, பதில் இல்லை. நிறுவனத்தின் சொந்தப் பெட்டிக்கே நிறுவனத்தின் சர்வர் மறுமொழி தரவில்லை. 6300 ஆனதும் அது ஒரு கோரிக்கையை 255.255.255.255-க்கு அனுப்பியது. ஒரு விநாடிக்குள் ஒப்புதல் வந்தது, குத்தகை மறுபடி 7200-க்குப் புதுப்பிக்கப்பட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை.

நேர்க் கோரிக்கைக்கு ஏன் பதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வலைகளில் டிஹெச்சிபி சர்வர் உங்கள் தெருமுனையில் இருக்காது, எங்கோ உள்ளே இருக்கும். நீங்கள் கூவுவதை நடுவில் இருக்கும் ஒரு ரிலே கேட்டு, இந்த வாடிக்கையாளர் இந்த இழையில் இருக்கிறார் என்ற குறிப்பையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. நேராகப் போடும் கடிதம் அந்த ரிலேயைத் தாண்டிச் சாதாரணப் போக்குவரத்தாகப் போகிறது. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து உள்வலை முகவரிகளுக்குப் போகும் எதையும் பாதுகாப்புக்காக வழியிலேயே தடுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். என் கடிதங்கள் அங்கேதான் விழுந்திருக்கின்றன. இதற்கும் ஒரு மாற்று உண்டு. 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5107 சொல்லும் முறையில், சர்வரின் முகவரி இருக்கும் இடத்தில் ரிலே தன் முகவரியைப் போட வைக்கலாம். அப்படிச் செய்தால் நேர்க் கடிதமும் ரிலேயிடமே போய்ச் சேரும். இங்கே அதைச் செய்திருக்கவில்லை.

ஆக நிறுவனத்தின் வலையில் ஒரு குறை, முதல் முயற்சிக்குப் பதில் கிடைக்காது. ரவுட்டரில் ஒரு குறை, இரண்டாம் முயற்சியைச் செய்யாது. முதல் குறை மட்டும் இருந்தால் 6300-இல் சரியாகிவிடும். இரண்டாவது மட்டும் இருந்தால் 3600-இலேயே காரியம் முடிந்திருக்கும். தயாரிப்பாளரின் சோதனைக்கூடத்தில் சர்வர் அதே மேசையில் இருக்கும், முதல் கடிதத்துக்கே பதில் வரும், ஒரு வாரம் ஓடியும் எதுவும் நேராது. நெட் நிறுவனத்தின் பணியாளர் இருபது நிமிடம் பார்த்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை வருவது எப்படித் தெரியும்? இரண்டு குறைகளும் சந்தித்தது எங்கள் வீட்டில்தான்.

யார்மேல் அதிகப் பிழை என்று கேட்டால், ரவுட்டர்மேல் என்றுதான் சொல்வேன். பதில் வராவிட்டால் கூவு என்று 1997-இலேயே எழுதி வைத்தாயிற்று. அந்த ஒரு படியை விட்டுவிடுவதற்குச் சமாதானம் இல்லை. ஆனால் நிறுவனம் ஓர் இடத்தில் திருத்தினால், இதே நிலையில் காரணம் தெரியாமல் தவிக்கும் எத்தனையோ வீடுகளுக்கு ஒரே நாளில் விடிவு. அதனால் அவர்களையும் விட்டுவிட மனசு இல்லை.

காரணம் தெரிந்த பிறகு தீர்வு. சிலவற்றை முயன்று கைவிட்டேன், அவற்றையும் சொன்னால்தான் மற்றவர்கள் அந்த வழியில் போகமாட்டார்கள்.

நிறுவனத்தின் ரவுட்டரில் இருந்த மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) என் ரவுட்டரில் நகலெடுத்துப் போட்டேன். மேக் முகவரியைப் பார்த்துத்தான் இணைப்பே தரும் நிறுவனங்களில் இது உதவும். இங்கே பயன் இல்லை, ஏனென்றால் சிக்கல் நான் யார் என்பதில் இல்லை. என் ரவுட்டரில் டிஹெச்சிபி கேட்கும் முறையைத் தீவிரமாக்க ஓர் அமைப்பு இருந்தது. அது குத்தகை போன பிறகு எத்தனை வேகமாகக் கேட்பது என்பதை மட்டும் மாற்றியது, புதுப்பிப்பதை அல்ல. அடுத்தது, கிடைத்த முகவரியைக் கையாலேயே நிலையாக எழுதி வைப்பது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு மணி நேரம் நன்றாக ஓடியது. குத்தகை முடிந்த நொடியில் முழுதாகச் செத்தது, திரும்ப வரவே இல்லை. செல்லுபடியாகும் குத்தகை இல்லாத முகவரியிலிருந்து எது வந்தாலும் எறிந்துவிடும்படி பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளை வைத்திருக்கின்றன. தவிர, அதே முகவரி இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டால் அவருடைய நெட்டும் கெடும்.

உடனடி நிவாரணமாக, நிறுவனத்தின் ரவுட்டரை முன்னால் வைத்து என்னுடையதை வைஃபை தரும் ஆக்ஸஸ் பாயிண்டாக மட்டும் மாற்றினேன். இதற்கு மூன்று கவனம் போதும். பின்னால் இருப்பதில் டிஹெச்சிபி சர்வரை அணைக்க வேண்டும். அதன் லான் முகவரியை (வீட்டுக்குள் பயன்படும் முகவரியை) 192.168.1.2 என்பது போல மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் 192.168.1.1 என்று மோதிக்கொள்ளும். கேபிளை வான் போர்ட்டில் செருகாமல் லான் போர்ட்டில் செருக வேண்டும். அன்று மாலையே வகுப்பும் கூட்டமும் அறாமல் ஓடின. போர்ட் ஃபார்வர்டிங் தேவைப்படாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், இது குறைந்த தீர்வு ஒன்றும் இல்லை.

எனக்கு அது வேண்டியிருந்ததால் இன்னொரு படி போனேன். 2004-இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் என் ரவுட்டருக்கு இருந்தது. ஏற்றுவதற்கு முன் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் ஹார்டுவேர் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சிப் வைத்து விற்பார்கள், தவறான கோப்பை ஏற்றினால் ரவுட்டர் எழாமல் போய்விடும். திரும்பப் பழையதுக்குப் போகும் வழி உங்கள் மாடலுக்கு உண்டா என்பதையும் முதலிலேயே படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடமும் மின்சாரம் போகக் கூடாது.

ஏற்றியதும் 'பிராட்காஸ்ட் கொடி' என்று ஓர் அமைப்பு கண்ணில் பட்டது. பெயரைப் பார்த்து இதுதான் மருந்து என்று ஆசையோடு போட்டேன். அது வேறு விஷயம். முகவரி இன்னும் கைக்கு வராத நிலையில், சர்வர் தன் பதிலைக் கூவித் தரட்டும் என்று கேட்பதற்கு அது. நாம் கூவுவதற்கு அதோடு தொடர்பு இல்லை, அதனால் அணைத்துவிட்டேன். இதில் உள்ள டிஹெச்சிபி கிளையன்ட் எந்த அமைப்பும் கேட்காமலேயே விதிப்படி நடந்தது. லாகைத் திறந்துவைத்துப் பார்த்தேன். 10 முகவரிக்கு நேர்க் கோரிக்கை, பதில் இல்லை. மறுபடி அதே, பதில் இல்லை. அப்புறம் கூவல். உடனே ஒப்புதல், குத்தகை 7200. பிங் மூன்றும் நிற்கவில்லை.

ஸ்விட்சைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பதிவுக் கோப்புகளையும், ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டிய விநாடி எது என்ற குறிப்போடு, இருவருக்கும் அனுப்பினேன். நெட் நிறுவனத்தின் முதல் வரிசையில் யாருக்கும் புரியவில்லை, ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். தளராமல் வலைப்பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். நான்காம் நாள் ஒரு பொறியாளர் கூப்பிட்டார், கோப்பைத் திறந்து பார்த்துவிட்டே பேசினார். "நேர் ரெனியூவலுக்கு எங்க பக்கம் பதில் போகாதுங்க, அது தெரியும். ரீபைண்ட் பண்ணாத ரவுட்டர் இருக்கும்னு நெனைக்கல" என்றார். ரீபைண்ட் என்று அவர் சொன்னது அந்த இரண்டாம் முயற்சியை, கூவலை. ரிலே முகவரியைப் போடும் முறையைத் தன் குழுவிடம் எடுத்துச் செல்வதாகச் சொன்னார். ரவுட்டர் தயாரிப்பாளரிடமிருந்து, கோளாறு தங்கள் பக்கம் உறுதியாகிவிட்டது, அடுத்த ஃபர்ம்வேரில் திருத்தம் வரும் என்று இரண்டு வரிப் பதில் வந்தது.

உங்கள் வீட்டில் நெட் அறுவது எனக்கு நேர்ந்தது போலத்தானா என்று பார்க்க, நேரங்களை விநாடியோடு எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். குறைந்தது ஐந்து. இடைவெளி சமமாக இருந்து அது உங்கள் ரவுட்டர் காட்டும் லீஸ் நேரத்தோடு பொருந்தினால் இதே வழியில் போகலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால் முகவரி வரும் முறையே வேறு, இந்தக் குத்தகைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அங்கே எல்சிபி எக்கோ (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் செய்தி) அமைப்பையும், எம்டியூ (ஒரு தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492-க்கு மேல் வைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் அறுந்தால், சில நிறுவனங்கள் அந்த வகை இணைப்பை நாளுக்கு ஒருமுறை தாங்களே வெட்டி இணைப்பதும் உண்டு. இடைவெளியே ஒழுங்காக இல்லாவிட்டால் கேபிள், இழை, அடாப்டர் என்று கையால் தொடக்கூடியவற்றுக்குத் திரும்புங்கள்.

மடிக்கணினியில் மூன்று பிங்கும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்று இருபத்துமூன்றாம் நாள். லாகில் ஒரே ஓர் இடைவெளி இருக்கிறது, அது ரவுட்டரைச் சுவரில் மாட்டுவதற்காக நானே அணைத்தது.